மத்தியதரைக் கரையோரம் – 6: எட்டு வாய்க்கால்களின் நகரம்

வலென்சியாவின் பழைய நகரத்துக்கு நடுவே, பெரிய தேவாலயத்தின் பின்புறத்தில், சலவைக்கல் பாவிய ஒரு சதுக்கம் இருக்கிறது. அங்கே ஒரு நீரூற்று. வெண்கலத்தில் வார்த்த ஓர் ஆண் உருவம் ஒருக்களித்துச் சாய்ந்திருக்க, சுற்றிலும் எட்டுப் பெண்கள் குடத்து நீரைச் சரித்துக்கொண்டிருக்கிறார்கள். சாய்ந்திருப்பது தூரியா ஆறு. எட்டுப் பெண்களும் அந்த ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்கள்: குவார்த், பெனாஹர்–ஃபைதனார், தோர்மோஸ், மிஸ்லாதா, மெஸ்தாயா, ஃபவாரா, ரஸ்கான்யா, ரொவேயா. கால்பந்து ரசிகர்களுக்கு இவற்றில் ஒரு பெயர் பழக்கமானதாக இருக்கும். வலென்சியா அணியின் மெஸ்தாயா மைதானம், பக்கத்தில் ஓடிய வாய்க்காலின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் உள்ள வலென்சியா, மாட்ரிட், பார்சிலோனாவுக்கு அடுத்து அந்த நாட்டின் மூன்றாவது பெரிய நகரம். சுமார் எட்டு லட்சம் மக்கள். வருடத்தில் பெரும்பகுதி வெயில், அகலமான மணற்கரை, நல்ல சாப்பாடு. சுற்றுலாப் பயணிகள் தேடி வருவது இவற்றைத்தான். ஆனால் இங்கே உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும், பார்க்கும் ஒவ்வொரு அழகுக்கும் பின்னால் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்ட ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் வலென்சியா முழுதாகப் பிடிபடுகிறது.

வியாழன் பகல் பன்னிரண்டு மணி

கி.மு. 138இல் ரோமானியர்கள், போர் முடித்த படைவீரர்களைக் குடியமர்த்த உண்டாக்கிய ஊர் இது. எட்டாம் நூற்றாண்டில் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தது. 1238இல் அரகோன் மன்னர் முதலாம் ஹைமே கைப்பற்றும்வரை, ஐந்து நூற்றாண்டுகள் அரபு மொழி பேசிய நகரம். அந்தக் காலத்தில்தான் தூரியாவின் இரு கரைகளிலும் வாய்க்கால் பாசனம் விரிந்து வளர்ந்தது. வென்ற மன்னர் அந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. பழைய முறைப்படியே தண்ணீர் பாயட்டும் என்று உறுதி செய்து கொடுத்தார்.

அந்த முறையின் நடுநாயகமான தண்ணீர் மன்றம் இன்றைக்கும் கூடுகிறது. வியாழக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு, தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலில், தோல் வைத்த மர நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறார்கள். வாய்க்காலுக்கு ஒருவராக எட்டுப் பேர் கருப்பு அங்கி அணிந்து வந்து அமர்கிறார்கள். எட்டுப் பேரும் விவசாயிகள். அந்தந்த வாய்க்காலின் பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். சேவகர் ஒருவர் வாய்க்காலின் பெயரைச் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று உரக்கக் கேட்கிறார். முறை தவறித் தண்ணீர் பாய்ச்சியது, தன் பங்கு வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டது, அடுத்தவர் வயலில் நீரைத் தேக்கிப் பயிரைக் கெடுத்தது: வழக்குகள் இந்த வகைதான்.

வக்கீல் கிடையாது. எழுத்து வாதம் கிடையாது. எல்லாம் வலென்சிய மொழியில், வாய்மொழியாக. யார் பேச வேண்டும் என்பதைத் தலைவர் கையால் காட்டாமல் காலை நீட்டிக் காட்டுவார், அது மரபு. குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்க்கால் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள முடியாது. வலக்கரை விவசாயியின் வழக்கில் இடக்கரைக்காரர்களும், இடக்கரை வழக்கில் வலக்கரைக்காரர்களும்தான் தீர்ப்பை முன்மொழிவார்கள். சொன்ன தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை.

960ஆம் ஆண்டை இதன் தொடக்கமாகச் சொல்வது ஊர் மரபு. 1960இல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். 2009இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதே ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி எலினார் ஆஸ்ட்ரம், பொதுவளங்களை மக்களே கூடிக் காக்க முடியும் என்று நிறுவிய தமது 1990ஆம் ஆண்டு நூலில், எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக வைத்தது வலென்சியாவின் வாய்க்கால்களைத்தான். இங்கே தண்ணீர் உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் தனியாக விற்க முடியாது. ஆற்றில் வரத்து குறைந்தால் எல்லாருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும்.

பல வியாழக்கிழமைகளில் வழக்கே இருப்பதில்லை. சில நிமிடங்களில் கூட்டம் கலைந்துவிடும். வேடிக்கை பார்க்க வந்த பயணிகளுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் தகராறு வாசல்வரை வராமல் வயலிலேயே தீர்ந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

அங்கே நிற்கும் கையோடு தேவாலயத்துக்குள்ளும் போய்வர வேண்டும். 1262இல் பள்ளிவாசல் இருந்த இடத்தில் கட்டத் தொடங்கிய கட்டடம் இது. இயேசு கடைசி இரவுணவில் பயன்படுத்தியது என்று பக்தர்கள் நம்பும் அகேட் கல் கிண்ணம் 1437 முதல் இங்கே இருக்கிறது. 2004இல் பீடத்துக்கு மேலுள்ள விதானத்தைப் பழுதுபார்த்தபோது, பிற்காலப் பூச்சு வேலைக்குப் பின்னால் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியங்கள் மறைந்திருப்பது தெரிந்தது. இசைக்கருவிகள் ஏந்திய தேவதைகள், நீலப் பின்னணியில், நிறம் குன்றாமல் இருந்தார்கள். மறைத்திருந்த விதானத்தை எடுத்துவிட்டு அவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். மிகலெத் என்ற எண்கோண மணிக்கூண்டில் 207 படிகள் ஏறினால் நகரத்தின் நீலக் குவிமாடங்களும், தொலைவில் கடலும் தெரியும்.

சந்தையும் பட்டு மண்டபமும்

வாய்க்கால் நீர் பாயும் வயல்வெளிக்கு ஓர்த்தா என்று பெயர். நகர எல்லை முடியும் இடத்திலேயே கூனைப்பூவும் வெங்காயமும் கீரையும் விளைகின்றன. 2019இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் இந்தப் பாசன அமைப்பை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. காலையில் பறித்த காய் சில கிலோமீட்டர் தாண்டி மத்தியச் சந்தைக்கு வந்துவிடுகிறது.

1928இல் திறந்த இந்தச் சந்தைக் கட்டடம் இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளும் சேர்ந்த பெரும் கூடம். உச்சியில் திசைகாட்டியாக ஒரு கிளி நிற்கிறது. உள்ளே தக்காளி மட்டும் எத்தனையோ ரகம். உப்பிட்ட மீன்கள், நத்தைகள், உயிருள்ள விலாங்குகள், குங்குமப்பூ, மூட்டை மூட்டையாக அரிசி. நகரத்து மக்கள் கூடையோடு வந்து வாரச் சாமான் வாங்கும் சந்தை இது. பிற்பகல் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

காலை பத்து, பத்தரைக்கு ஊரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உட்காரும். எஸ்மோர்சாரெத் என்று பெயர். நீளமான ரொட்டிக்குள் ஆம்லெட்டோ இறைச்சியோ வைத்து, பக்கத்தில் ஆலிவும் வேர்க்கடலையும், முடிவில் ரம்மைக் கொளுத்தி அதன்மேல் காப்பி ஊற்றிய கிரெமாயெத். கொத்தனாரும் பேராசிரியரும் அடுத்தடுத்த மேசையில் இருப்பார்கள். வெயில் ஏறிய பிறகு ஓர்ச்சாதா. வடக்கே ஒட்டியுள்ள அல்போராயா கிராமத்து மணல் நிலத்தில் விளையும், கோரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்து, பிழிந்த பாலில் சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்த பானம். மாட்டுப்பால் ஒரு துளியும் கிடையாது. ஃபர்தோன் என்ற மெல்லிய இனிப்பு ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

சந்தைக்கு எதிரிலேயே லா லோன்ஹா. பட்டு வணிகர்கள் விலை பேசிய மண்டபம். 1482இல் பேரே கொம்ப்தே என்ற கட்டடக் கலைஞர் தொடங்கினார். திருகித் திருகி மேலெழும் தூண்கள் உச்சியில் விரிந்து கூரையாகின்றன. சுவரைச் சுற்றிப் பொன்னெழுத்தில் ஒரு லத்தீன் வாசகம் ஓடுகிறது. வஞ்சனையும் வட்டிக் கொள்ளையும் இல்லாமல் வியாபாரம் செய்கிறவன் செல்வமும் பெறுவான், நித்திய வாழ்வும் பெறுவான் என்பது அதன் சாரம். வலென்சியா ஐரோப்பாவின் பெரிய வணிக நகரங்களில் ஒன்றாக இருந்த பதினைந்தாம் நூற்றாண்டின் தன்னம்பிக்கை இந்த மண்டபம் முழுதும் நிற்கிறது. 1996இல் இது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சற்றுத் தள்ளி மட்பாண்டக் கலை அருங்காட்சியகம். தோஸ் அக்வாஸ் பிரபுவின் பழைய மாளிகை அது. பதினெட்டாம் நூற்றாண்டில் செதுக்கிய வெண்கல் வாசலில் இரண்டு வலிய ஆண் உருவங்கள். காலடியில் குடங்கள் சரிந்து நீர் வழிகிறது. ஒருவர் தூரியா, மற்றவர் தெற்கே ஓடும் ஹூகார் ஆறு.

ஏரிக்கரைச் சோறு

பயேயாவை உலகமே ஸ்பெயினின் தேசிய உணவு என்கிறது. வலென்சியாக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது தங்கள் ஊர்ச் சோறு என்பார்கள். உண்மையும் அதுதான். நகரத்துக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் அல்புஃபேரா என்ற நன்னீர் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே பைன் மரங்கள் அடர்ந்த மணல்மேடு. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். பெருமளவு ஹூகார் ஆற்று நீரில் விளையும் நெல். மே மாதம் விதைப்பு, செப்டம்பரில் அறுவடை, குளிர்காலத்தில் வயல்களில் தண்ணீர் தேக்கிவிடுவார்கள். பூநாரைகளும் வாத்துகளும் கூட்டமாக இறங்கும். ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் கால்வாய்களில் மதகுகள் உண்டு. எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதில் நெல் விவசாயிக்கும் மீனவருக்கும் பறவைகளைக் காப்பவர்களுக்கும் வெவ்வேறு கணக்கு.

இந்த வயல்களில் வேலை செய்தவர்கள் மதியத்துக்குக் கையில் கிடைத்ததைப் போட்டு ஒரே தட்டில் ஆக்கிய சோறுதான் பயேயா. பாத்திரத்தின் பெயரே உணவின் பெயராயிற்று. இந்த ஊர் முறைப்படி கோழி, முயல், பச்சைத் தட்டை பீன்ஸ், கரோஃபோ என்ற பெரிய வெள்ளை அவரை, தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அரிசி. சிலர் மிளகாய்த்தூளும் ரோஸ்மேரியும் நத்தையும் சேர்ப்பார்கள். ஆரஞ்சு மர விறகில் அடுப்பு மூட்டுவது உத்தமம். அரிசி போட்ட பிறகு கிளறவே கூடாது. தண்ணீர் வற்றி அடியில் பொன்னிறமாகப் படியும் காந்தலுக்கு சொக்காரத் என்று பெயர். அதைச் சுரண்டி எடுக்கப் போட்டி நடக்கும். தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் எதிரே உள்ள பகுதியை மரக்கரண்டியால் சாப்பிடுவது பழைய வழக்கம். நல்ல பயேயா மதியச் சாப்பாடு. இரவில் உள்ளூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள்.

2016இல் பிரிட்டிஷ் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் தம் பயேயாவில் சொரீஸோ என்ற பன்றி இறைச்சிக் குழலைச் சேர்த்துப் படம் போட்டபோது வலென்சியா கொதித்தெழுந்தது. வெளியில் இருப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஓர் உணவுக்குள் தங்கள் ஏரியும் வயலும் வாய்க்காலும் இருப்பதாக உணரும் மக்களுக்கு அது மிகை இல்லை. 2021இல் வலென்சிய அரசு பயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்தது.

ஏரிக்கரையில் எல் பால்மார் என்ற சிற்றூர் உண்டு. ஒரு காலத்தில் தீவாக இருந்தது. வலென்சியாவின் பெரிய நாவலாசிரியர் பிளாஸ்கோ இபான்யெஸ் 1902இல் எழுதிய ‘கான்யாஸ் இ பாரோ’ நாவலின் களம் இதுதான். இங்கே மீன்பிடி இடங்களை ஆண்டுதோறும் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த இந்த உரிமையை, 1990களின் பிற்பகுதியில் ஊர்ப் பெண்கள் நீதிமன்றம் சென்று வென்றெடுத்தார்கள். பூண்டும் மிளகாயும் சேர்த்த விலாங்குக் குழம்பு இந்த ஊரின் கைமணம். மாலையில் தட்டையான படகுகளில் பயணிகளை ஏற்றி நாணல்களுக்கு நடுவே சுற்றிக் காட்டுகிறார்கள்.

ஆறு போன இடத்தில் தோட்டம்

1957 அக்டோபர் 14. விடியற்காலையில் ஒன்று, நண்பகலில் இன்னொன்று என்று இரண்டு பெருவெள்ளங்கள் தூரியாவில் வந்தன. குறைந்தது 81 பேர் இறந்தார்கள். பழைய நகரம் சேற்றில் மூழ்கியது. இனி ஆறு ஊருக்குள் வேண்டாம் என்று முடிவாயிற்று. நகரத்துக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டருக்குப் புதிய படுகை வெட்டி, நொடிக்கு 5,000 கனமீட்டர் நீர் போகும்படி ஆற்றையே திருப்பினார்கள். செலவுக்காக, வலென்சியாவிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்திலும் 25 சென்டிமோ கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது.

வற்றிய பழைய படுகையை என்ன செய்வது? விரைவுச்சாலை போடலாம் என்றது அன்றைய அதிகாரம். ஸ்பெயினை ஆண்ட ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம். படுகை எங்களுடையது, அது பசுமையாக வேண்டும் என்று நகரத்து மக்கள் முழங்கினார்கள். 1976இல் நிலம் நகராட்சியின் கைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் ரிக்கார்தோ போஃபில் திட்டம் வரைய, 1980களின் நடுவில் தோட்டம் திறக்கத் தொடங்கியது.

இன்று சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நகரத்தைக் குறுக்கே வளைத்துக்கொண்டு ஓடுவது மரங்கள். பதினாறாம் நூற்றாண்டுக் கற்பாலங்கள் அப்படியே நிற்க, அவற்றின் அடியில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், முதியவர்கள் நடக்கிறார்கள், சைக்கிள்கள் பறக்கின்றன. கயிறுகளால் கட்டுண்டு படுத்திருக்கும் பிரமாண்டமான கலிவர் உருவத்தின் கை கால் தலைமுடியெல்லாம் சறுக்குமரம். 1990 முதல் வலென்சியாவின் குழந்தைகள் அதன்மேல் ஏறிச் சறுக்கி வளர்கிறார்கள்.

தோட்டத்தின் கடல்பக்க முனையில் கலை–அறிவியல் நகரம். வலென்சியாவை ஒட்டிய பெனிமாமெத்தில் பிறந்த சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த வெள்ளைக் கட்டடங்கள், ஆழமில்லாத நீர்த்தடாகங்களில் தம் நிழலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கண் வடிவில் 1998இல் திறந்த திரையரங்கு, 2000இல் அறிவியல் அருங்காட்சியகம், 2005இல் இசை நாடக அரங்கு. கடலுயிர்க் காட்சியகத்தின் தாமரை போன்ற கூரை ஃபெலிக்ஸ் கந்தேலாவின் கைவண்ணம். முதலில் போட்ட மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டிய செலவு நகரத்தில் இன்றும் விவாதப் பொருள். பக்கத்திலேயே செலவில்லாமல் நடக்கக் கிடைக்கும் ஆற்றுத் தோட்டம்தான் இந்த ஊரின் மிகப் பெரிய கட்டுமானம் என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கடலோரத் தெருக்கள்

நகரத்திலிருந்து டிராம் ஏறினால் சிறிது நேரத்தில் மல்வரோசா கடற்கரை. 1863இல் வலென்சியாவில் பிறந்த ஹோவாகின் சொரோயா, இந்த மணலில் ஓவியச் சட்டத்தை நட்டு வெயிலைத் தீட்டியவர். படகுகளைக் கரைக்கு இழுத்த எருதுகள், பாய் தைக்கும் பெண்கள், ஈரம் மின்னும் உடலோடு ஓடும் சிறுவர்கள் எல்லாம் அவர் நேரில் பார்த்தவை. அந்த எருதுகளைக் கட்டிய தொழுவக் கட்டடம் கபன்யால் மீனவர் குடியிருப்பில் இன்னும் நிற்கிறது.

கபன்யால் 1897 வரை தனி ஊர். குறுகிய நேர்த் தெருக்கள். வீட்டு முகப்புகளில் பச்சை, நீலம், மஞ்சள் ஓடுகள். கையில் காசு சேர்ந்த மீனவர்கள் நகரத்துப் பெரிய வீடுகளைப் பார்த்துத் தம் வீடுகளுக்கும் செய்துகொண்ட அலங்காரம். அகலமான சாலையைக் கடல்வரை நீட்டுவதற்காக இந்தக் குடியிருப்பின் நடுவே நூற்றுக்கணக்கான வீடுகளை இடிக்கும் திட்டம் 1998இல் வந்தது. குடியிருந்தவர்கள் அமைப்பாகத் திரண்டு பல ஆண்டுகள் போராடினார்கள். வீட்டு வாசல்களையே கலைக்கூடமாக்கி ஊரை உள்ளே அழைத்தார்கள். 2015இல் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் இடிந்த வீடுகளின் வெற்றிடங்கள் இன்றும் தெரிகின்றன. இப்போது வாடகை ஏறி, சுற்றுலா விடுதிகள் பெருகி, பழைய குடும்பங்களை வேறு வழியில் வெளியே தள்ளுகின்றன. கோடையில் இங்கே போகிறவர்கள் கிளோச்சினா என்ற சின்னஞ்சிறு சிப்பியைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரைதான் அதன் பருவம்.

மார்ச் மாதத்தில் வலென்சியா வேறு ஊராகிவிடும். ஃபாயாஸ் திருவிழா. மாதம் பிறந்தது முதல் 19ஆம் தேதி வரை தினமும் பகல் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடிக்கச்சேரி. வானத்தில் வண்ணம் காட்டுவது அதன் நோக்கம் இல்லை, தரை அதிர எழும் தாளம்தான். தெருத்தெருவாகப் பல மாதம் உழைத்துச் செய்த மாபெரும் உருவங்களை 19ஆம் தேதி இரவில் கொளுத்திவிடுவார்கள். ஆண்டுதோறும் மக்கள் வாக்களித்துக் காப்பாற்றும் பொம்மைகளை, 1934 முதல் சேர்ந்தவற்றை, அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

2024 அக்டோபர் 29

ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் என்ற பட்டத்தை வலென்சியா ஏந்தியிருந்த ஆண்டிலேயே அந்த நாள் வந்தது. மேற்கே மலையடிவாரத்துத் தூரிஸ் ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வலென்சியா நகரத்துக்கு ஓர் ஆண்டு முழுதும் கிடைப்பது சுமார் 450 மில்லிமீட்டர்தான். வழக்கமாக வறண்டு கிடக்கும் போயோ காட்டாறு பொங்கி, பைபோர்த்தா, கத்தரோஹா முதலான தெற்குப் புறநகர்களை அடித்துக்கொண்டு போனது. கைபேசிகளுக்கு எச்சரிக்கை இரவு 8.11க்கு வந்தபோது தெருக்களில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. வலென்சியா மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1957க்குப் பிறகு வெட்டிய புதிய படுகை பழைய நகரத்தைக் காப்பாற்றியது. ஆனால் அந்தப் படுகைக்குத் தெற்கே, காட்டாறுகள் வழக்கமாகப் பரவும் தாழ்நிலங்களில், பல பத்தாண்டுகளாக வீடுகளும் தொழிற்கூடங்களும் எழுந்திருந்தன. அங்கேதான் பேரழிவு. நகரத்து இளைஞர்கள் துடைப்பமும் மண்வெட்டியும் தண்ணீர் பாட்டில்களும் எடுத்துக்கொண்டு, படுகையின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். அதற்கு ஒற்றுமைப் பாலம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சேறும் குப்பையும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அல்புஃபேரா. வெள்ளச் சமவெளியில் இனி எங்கே கட்டுவது, எங்கே தண்ணீருக்கு வழி விடுவது, அன்றைய தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளை மக்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் எழுப்பினார்கள். பயணிகள் சேதமடைந்த ஊர்களை வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். அங்கே மீண்டும் திறந்த கடையில் சாப்பிட்டு, சாமான் வாங்கினால் அது உதவி.

போகிறவர்களுக்கு

மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். உள்ளூர் ரயில்கள் நிற்கும் 1917ஆம் ஆண்டின் வடக்கு நிலையத்தை, பயணம் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும். சுவரெல்லாம் ஆரஞ்சுப் பழங்களும் மலர்களும். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ உண்டு. மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். அக்டோபர், நவம்பரில் வானிலை எச்சரிக்கையைக் கவனித்து நடக்க வேண்டும். தங்கும் நாட்களில் ஒரு வியாழக்கிழமை இருக்கட்டும். மதிய உணவகங்கள் ஒன்றரை மணிக்குமேல்தான் சூடு பிடிக்கும்; பயேயா பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறையாமல் ஆக்குவார்கள், முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது. சைவம் உண்பவர்கள் காய்கறி பயேயா கேட்கலாம். கொதிநீரில் இறைச்சிச் சாறு கலப்பதுண்டா என்று முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். எல் பால்மாருக்கு நகரத்திலிருந்து பேருந்து போகிறது. கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு படகு ஏறவும்.

(தொடரும்)